மாட்டுக்கறியும் ராஜ்மாவும் போட்ட டெக்சஸ் சில்லி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில்லி என்றால் ஓட்டலில் கிடைக்கும் சில்லி பீஃப்தானே?

இல்லை. சோயா சாஸும் குடைமிளகாயும் போட்டுப் புரட்டித் தருகிற சில்லி பீஃப் இந்தோ-சைனீஸ் வகை. இது அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்துச் சில்லி. முழுப்பெயர் சில்லி கான் கார்னே. ஸ்பானிய மொழியில் 'கறி சேர்த்த மிளகாய்'. பெயரில் மிளகாய்தான் முதலில் நிற்கிறது, சட்டியிலும் அப்படித்தான். காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்து, அந்த விழுதிலேயே மாட்டுக்கறியை இரண்டு மணி நேரம் வேகவிட்டால் வருகிற கெட்டிக் குழம்பு இது.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சான் அன்டோனியோ நகரத்துச் சதுக்கங்களில் மெக்சிகோ வம்சாவளிப் பெண்கள் இருட்டும் நேரத்தில் அடுப்பு மூட்டி இதை விற்றார்கள். 'சில்லி குயின்ஸ்' என்றே அவர்களுக்குப் பெயர். 1930களில் சுகாதார விதிகள் இறுகியதும் அந்தக் கடைகள் போய்விட்டன. 1977ல் டெக்சஸ் சட்டமன்றம் சில்லியை மாநிலத்தின் உணவாக அறிவித்தது.

அசல் சில்லியில் பீன்ஸ் கிடையாது என்கிறார்களே?

டெக்சஸ்காரரிடம் கேட்டால் அப்படித்தான் சொல்வார். அங்கே நடக்கும் பெரிய சமையல் போட்டிகளின் விதியிலேயே பீன்ஸ், அரிசி, பாஸ்தா எதுவும் போடக்கூடாது என்று இருக்கிறது. 1967ல் டெர்லிங்குவா என்ற பாலைவன ஊரில் நடந்த முதல் போட்டியே இப்படி ஒரு வாய்ச்சண்டையில் பிறந்ததுதான். டெக்சஸ் பக்கம் பத்திரிகையாளர் விக் ஃபவுலர், எதிர்ப்பக்கம் நகைச்சுவை எழுத்தாளர் எச். ஆலன் ஸ்மித். கடைசி நடுவர் தன் நாக்கு மரத்துவிட்டது என்று சொல்லிவிட, போட்டி சமனில் முடிந்தது.

டெக்சஸுக்கு வெளியே, அமெரிக்க வீடுகளில் பெரும்பாலும் பீன்ஸ் போட்டுத்தான் செய்கிறார்கள். ஒரு கிலோ கறியை எட்டுப் பேர் வயிறார உண்ண வேண்டுமானால் அதுதான் வழி. குழம்பும் தானாகக் கெட்டிப்படும். (பொரியலுக்கு நறுக்கும் பச்சை பீன்ஸ் இல்லை; காய்ந்த பயறு.)

மொத்த அளவு என்ன?

6 முதல் 8 பேருக்கு:

- எலும்பில்லாத மாட்டுக்கறி 1 கிலோ
- காய்ந்த ராஜ்மா அல்லது பின்ட்டோ பீன்ஸ் 250 கிராம்
- காய்ந்த ஆன்சோ மிளகாய் 4, குவாஹியோ மிளகாய் 4 (மாற்று கீழே)
- பெரிய வெங்காயம் 300 கிராம், பொடியாக நறுக்கியது
- பூண்டு 8 பல்
- தக்காளி 400 கிராம், தக்காளி பேஸ்ட் 2 டேபிள்ஸ்பூன்
- சீரகம் 1½ டேபிள்ஸ்பூன், வறுத்துப் பொடித்தது
- ஆரிகனோ 2 டீஸ்பூன்
- எண்ணெய் அல்லது மாட்டுக்கொழுப்பு 3 டேபிள்ஸ்பூன்
- எலும்பு வேகவைத்த நீர் அல்லது வெந்நீர் 750 மில்லி
- மக்காச்சோள மாவு 2 டேபிள்ஸ்பூன்
- உப்பு 2½ டீஸ்பூன், எலுமிச்சை 1

எந்தப் பகுதிக் கறி வாங்கவேண்டும்?

தோள்பட்டை. அமெரிக்காவில் சக் என்பார்கள். கொழுப்பும் சவ்வும் கறிக்குள்ளேயே ஓடியிருக்கும். அந்தச் சவ்வு மெதுவான சூட்டில் கரைந்து ஜெலட்டினாக மாறுவதால்தான் குழம்பு உதட்டில் ஒட்டுகிறது. தொடைக்கறி பார்க்க அழகாக, சவ்வில்லாமல் இருக்கும். இரண்டு மணி நேரம் வெந்தபின் நார் நாராக வறண்டுவிடும். 'சுத்தமான கறி' என்று கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது பல நேரம் இதுதான்.

இந்தியாவில் மாட்டுக்கறி என்று விற்பதில் பெரும்பங்கு எருமைக்கறி. அதில் கொழுப்பு குறைவு, நார் முரடு. கூடுதலாக 100 கிராம் கொழுப்பு கேட்டு வாங்கி, பொடியாக நறுக்கிச் சட்டியில் உருக்கி அதிலேயே வதக்குங்கள். வேகும் நேரமும் 45 நிமிடமாவது கூடும்.

கைமாவா, துண்டா?

இரண்டும் செய்யலாம், சுவை வேறு. கைமா 45 நிமிடத்தில் முடியும், குழம்போடு கலந்துவிடும். 1 சென்டிமீட்டர் துண்டுகளுக்கு 2 மணி நேரம் ஆகும், பல்லில் கடிபடும். டெக்சஸ் கறிக்கடைகளில் 'சில்லி கிரைண்ட்' என்று கொரகொரப்பாக அரைத்துத் தருவார்கள். நம் கடையில் கேட்பதானால் பெரிய துளைத் தட்டில் ஒரே தடவை அரைக்கச் சொல்லுங்கள். கட்லெட்டுக்கு அரைப்பதுபோல் இரண்டு முறை அரைத்தால் சில்லி கூழாகிவிடும். எங்கள் கணக்கில் கையால் நறுக்கியதுதான் மேல். கறியை அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் கத்தி வழுக்காது.

அமெரிக்கச் செய்முறையில் 4 டேபிள்ஸ்பூன் 'சில்லி பவுடர்' என்று இருக்கிறது. அவ்வளவு மிளகாய்த்தூளா?

வேண்டவே வேண்டாம். நம் வீடுகளில் சில்லி கெட்டுப்போவதற்கு முதல் காரணம் இதுதான். அமெரிக்கக் கடையில் சில்லி பவுடர் என்று விற்பது ஒரு கலவை மசாலா. காரம் குறைந்த மிளகாய், சீரகம், ஆரிகனோ, பூண்டுப்பொடி, சிலவற்றில் உப்பும் சேர்ந்திருக்கும். வில்லியம் கெப்ஹார்ட் என்ற ஜெர்மானியர் 1890களில் டெக்சஸில் விற்கத் தொடங்கிய பொடியிலிருந்து இந்தப் பழக்கம் பரவியது.

ஆன்சோ மிளகாயின் காரம் ஸ்கோவில் அளவில் 1000 முதல் 2000 வரை. குண்டூர் சன்னம் 30,000ஐத் தாண்டும். பெயர் ஒன்று என்று நம்பி நம் தூளை நாலு கரண்டி கொட்டினால் ஒருவரும் சாப்பிட முடியாது. பயந்து ஒரு கரண்டியோடு நிறுத்தினாலோ நிறமும் கெட்டித்தன்மையும் வராது; கறிக்குழம்பின் தம்பி மாதிரி ஏதோ ஒன்று வரும். சில்லிக்கு மிளகாய் நிறைய வேண்டும், காரம் அவ்வளவு வேண்டாம்.

வீட்டுக் கலவை: காஷ்மீரி மிளகாய்த்தூள் 3 டேபிள்ஸ்பூன், புகையூட்டிய பாப்ரிகா (காரம் குறைந்த சிவப்பு மிளகாய்ப்பொடி) 1 டேபிள்ஸ்பூன், வறுத்த சீரகப்பொடி 1 டேபிள்ஸ்பூன், ஆரிகனோ 2 டீஸ்பூன், பூண்டுப்பொடி 1 டீஸ்பூன். முழு மிளகாயை அரைக்க நேரமில்லாத நாளில் இது போதும். அன்று பட்டியலில் உள்ள சீரகத்தையும் ஆரிகனோவையும் தனியாகப் போடவேண்டாம்.

ஆன்சோ, குவாஹியோ கிடைக்கவில்லை. நம் மிளகாயில் எது?

ஆன்சோ என்பது பழுத்துக் காய்ந்த பொப்லானோ மிளகாய். உலர்திராட்சை போல ஓர் இனிப்பு வாசம் அடிக்கும். குவாஹியோ சற்றுப் புளிப்பானது, நல்ல சிவப்பு. இரண்டுக்கும் பதிலாக காஷ்மீரி அல்லது பியாட்கி மிளகாய் 40 கிராம், கிட்டத்தட்ட 30 மிளகாய். ஆன்சோவின் இனிப்பை ஈடுகட்ட 10 உலர்திராட்சையை மிளகாயோடு ஊறவைத்து அரையுங்கள். காரம் போதவில்லை என்றால் கடைசியில் குண்டூர் தூளை அரை டீஸ்பூனாகச் சேர்த்துக்கொண்டே ருசி பாருங்கள். சேர்த்த காரத்தைத் திரும்ப எடுக்க முடியாது.

மிளகாயை எப்படித் தயார் செய்வது?

காம்பையும் விதையையும் தட்டி எறியுங்கள். வெறும் தோசைக்கல்லில் மிதமான தீயில், ஒரு பக்கத்துக்கு 20 முதல் 30 விநாடி. வாசம் எழுந்து, தோல் லேசாக உப்பி, மிளகாய் வளைகிற பதம் வந்ததும் எடுத்துவிடவேண்டும். ஓர் இடத்தில் கறுத்தாலும் அந்த மிளகாயை ஒதுக்குங்கள். பானை முழுக்கக் கசப்பேற அது ஒன்று போதும்.

வெந்நீரில் 25 நிமிடம் ஊறவைத்து, புது வெந்நீர் அரை டம்ளர் விட்டு மைய அரைக்கவேண்டும். ஊறிய நீரை நக்கிப் பார்த்து, கசக்கவில்லை என்றால் அதிலேயே அரைக்கலாம். அரைத்ததைச் சல்லடையில் தேய்த்து வடித்தால் தோல் சக்கை நின்றுவிடும். சில்லி வாயில் பேப்பர் மாதிரி தட்டுப்படுகிறது என்று புகார் வந்தால், காரணம் வடிக்காத தோல்.

ராஜ்மாவைக் கறியோடு சேர்த்தே வேகவைக்கலாமா?

கூடாது. இதற்கு இரண்டு காரணம் உண்டு, ஒன்று ஆபத்தானது.

முதலாவது, தக்காளியின் புளிப்பு. புளிப்பில் பயறின் தோலும் உள்ளிருக்கும் பெக்டின் என்ற ஒட்டுப்பொருளும் இளகாது. மூன்று மணி நேரம் கொதித்தாலும் நடுவில் சுண்ணாம்பு போல நிற்கும். எனவே பயறைத் தனியாக முழுப் பதம் வேகவைத்துத்தான் குழம்பில் போடவேண்டும்.

இரண்டாவது, நச்சு. பச்சை ராஜ்மாவில் ஃபைட்டோஹீமாக்ளூட்டினின் என்ற புரதம் இருக்கிறது. சரியாக வேகாத நாலைந்து பயறு போதும்; சில மணி நேரத்தில் கடும் குமட்டல், வாந்தி, பிறகு வயிற்றுப்போக்கு. சிவப்பு ராஜ்மாவில்தான் இது மிக அதிகம். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் 30 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிடச் சொல்கிறது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம். ஸ்லோ குக்கரில் பச்சைப் பயறைப் போடவே கூடாது. அதன் சூடு கொதிநிலைக்குக் கீழேயே நின்றுவிடும். 80 டிகிரி செல்சியஸில் நச்சு அழிவதற்குப் பதிலாக இன்னும் கூடவும் செய்யலாம். டின்னில் வருவது முன்பே வெந்தது, பயமில்லை.

அப்படியானால் ராஜ்மாவுக்குச் சரியான முறை?

250 கிராம் ராஜ்மாவை 1 லிட்டர் நீரில் 1 டேபிள்ஸ்பூன் உப்பு கரைத்து இரவு முழுக்க ஊறவையுங்கள். உப்பு போட்டால் பயறு வேகாது என்பது பழைய பயம். ஊறும் நீரில் உப்பு இருந்தால் தோல் நன்றாக இளகும், வெடிப்பதும் குறையும். காலையில் வடித்து, கழுவி, மூழ்கி இரண்டு விரற்கடை மேலே நிற்கும் அளவு நீர் விட்டு, குக்கரில் முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 15 நிமிடம். ஆவி தானாக அடங்கவேண்டும். அவசரமாக விசிலைத் தூக்கினால் பயறு பிளக்கும்.

வெந்ததா என்று பார்க்க ஒன்றை மட்டும் நசுக்காதீர்கள். அஞ்சு எடுத்து, அஞ்சும் நாக்குக்கும் மேல்வாய்க்கும் நடுவில் மசிந்தால்தான் சரி. ஒரே பாக்கெட்டில் இரண்டு வருடத்துப் பயறுகள் கலந்திருப்பது சகஜம்.

எவ்வளவு வேகவைத்தாலும் பயறு கல் போலவே இருக்கிறது. ஏன்?

பயறு பழசு, அல்லது தண்ணீர் கடினநீர். போர்வெல் நீரில் உள்ள கால்சியம் பயறை இறுக்கிவிடும். குடிநீரில் வேகவைத்துப் பாருங்கள். லிட்டருக்கு கால் டீஸ்பூன் சமையல் சோடாவும் உதவும். அதற்கு மேல் போனால் சோப்பு வாடை அடிக்கும். ஒன்றிரண்டு வருடம் டப்பாவில் கிடந்த பயறுக்கு இரண்டுமே பலிக்காது.

டின் பீன்ஸ் போடுவதானால்?

400 கிராம் டின்னில் வடித்தபின் 240 கிராம் தேறும். 250 கிராம் காய்ந்த பயறுக்கு இரண்டரை டின். அந்த வழவழ நீரைக் கழுவிவிட்டு, கடைசி 20 நிமிடத்தில் சேருங்கள்.

இப்போது முழுச் செய்முறை?

அடிகனமான பாத்திரம் வேண்டும். தக்காளி அதிகம் என்பதால் எனாமல் பூசிய வார்ப்பிரும்போ கனமான ஸ்டீலோ நல்லது. வெறும் இரும்புச் சட்டியில் குழம்பு கறுத்து இரும்பு வாடை ஏறும்.

கறியைக் கழுவினீர்கள் என்றால் துணியால் ஒற்றி ஈரத்தை எடுத்துவிடுங்கள். எண்ணெய் லேசாகப் புகையத் தொடங்கும்போது கறியில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் போட்டு, 4 நிமிடம் கிளறாமல் விடவேண்டும். அடிப்பக்கம் காப்பிக்கொட்டை நிறம் வந்ததும் திருப்பிவிட்டு, இன்னும் 2 நிமிடத்தில் எடுத்துவிடலாம். இப்படியே மூன்று தடவை.

அதே சட்டியில் தீயைக் குறைத்து வெங்காயமும் அரை டீஸ்பூன் உப்பும். வெங்காயம் விடும் நீரில் அடியில் பிடித்த பழுப்பு இளகும். மரக்கரண்டியால் சுரண்டிக்கொண்டே வாருங்கள், அந்தப் பழுப்பில்தான் பாதிச் சுவை. 8 நிமிடத்தில் வெங்காயம் பொன்னிறமாகும். நசுக்கிய பூண்டு ஒரு நிமிடம், தக்காளி பேஸ்ட் இரண்டு நிமிடம். பிறகு மிளகாய் விழுது. எண்ணெய் பிரிந்து ஓரத்தில் சிவப்பாக மினுங்கும்வரை, 5 நிமிடமாவது வதக்கவேண்டும்.

சீரகத்தில் பாதியும் ஆரிகனோவும் போட்டு, கறியை அதிலிருந்து வழிந்த சாறோடு திரும்பக் கொட்டி, நறுக்கிய தக்காளி, 750 மில்லி நீர், மீதி உப்பில் பாதி. ஒரு கொதி வந்ததும் தீயைக் குறைத்து, மூடியைச் சற்றே திறந்துவையுங்கள். மேற்பரப்பில் விநாடிக்கு ஒரு குமிழி என்ற அளவில் ஒன்றரை மணி நேரம். தளதளவென்று கொதித்தால் நார் இறுகி, கறி வெந்தும் வேகாத மாதிரி இருக்கும்.

அடுத்து வெந்த ராஜ்மாவையும் மீதிச் சீரகத்தையும் சேர்த்து 30 நிமிடம். மசாலாவை இப்படி இரண்டு தவணையாகப் போடுவது போட்டிக்காரர்களின் பழக்கம். முதல் தவணையின் வாசம் நேரத்தோடு குழம்பில் கரைந்துவிடும், இரண்டாவது மூக்குக்கு நிற்கும். கடைசியில் மாவைக் கரைத்து ஊற்றி 10 நிமிடம், உப்பு சரிபார்த்து, இறக்கியபின் அரை எலுமிச்சைச் சாறு.

கறி பழுப்பாகாமல் நீர் விட்டு வெந்துவிட்டது. என்ன தவறு?

ஒரேயடியாக அள்ளிப் போட்டிருப்பீர்கள். ஒரு கிலோ குளிர்ந்த கறி விழுந்ததும் சட்டியின் சூடு சட்டென இறங்கும். வெளிவரும் நீர் ஆவியாக முடியாமல் தேங்கும். நீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. பழுப்பாக 140 டிகிரிக்கு மேல் வேண்டும். காதை வைத்தே கண்டுபிடிக்கலாம்: 'சுர்ர்' என்ற உரத்த சத்தம் நின்று 'கொப கொப' என்று கேட்டால் கறி வேகிறது, வறுபடவில்லை. உடனே பாதியை எடுத்துவிட்டு, நீர் வற்றும்வரை பெரிய தீயில் விடுங்கள்.

நேரமில்லை. குக்கரில் செய்யலாமா?

தாராளமாக. வறுப்பதும் வதக்குவதும் அப்படியே. நீரை மட்டும் 300 மில்லியாகக் குறைக்கவேண்டும், குக்கரில் வற்றாது. முதல் விசிலுக்குப் பின் சிறுதீயில் 25 நிமிடம், எருமைக்கறி என்றால் 35. மூடுவதற்கு முன் அடியைச் சுத்தமாகச் சுரண்டிவிடுங்கள், மிளகாய் விழுது அடிப்பிடித்தால் மொத்தமும் போயிற்று. ராஜ்மாவும் மாவும் திறந்தபின்தான்.

கெட்டியாக எந்த மாவு?

அசல் முறையில் மாசா ஹரினா: சுண்ணாம்பு நீரில் வேகவைத்த மக்காச்சோளத்தின் மாவு. டார்ட்டிய்யா என்ற மெக்சிகோ சோள ரொட்டியைச் சூடாக எடுத்த வாசம் அதிலிருந்து வரும். கிடைக்காவிட்டால் மஞ்சள் மக்காச்சோள மாவை 2 நிமிடம் வறுத்துச் சேருங்கள். நம் கடையில் 'கார்ன் ஃப்ளவர்' என்று கேட்டால் வெள்ளை ஸ்டார்ச்சைத் தருவார்கள். அதைப் போட்டால் சூப் மாதிரிப் பளபளக்கும், ஆறியதும் கட்டி தட்டும். மாவே வேண்டாம் என்றால் வெந்த ராஜ்மாவில் ஒரு கைப்பிடியை மசித்துக் கலக்குங்கள்.

மல்லித்தூள், கரம் மசாலா, இஞ்சி?

போட்டால் நல்ல கறிக்குழம்பு கிடைக்கும், சில்லி கிடைக்காது. சில்லியின் வாசம் மிளகாய், சீரகம், ஆரிகனோ மூன்றோடு நிற்கிறது. பட்டை, கிராம்பு மணக்கும் ஒரு வகை சின்சினாட்டி நகரத்தில் உண்டு. மாசிடோனியாவிலிருந்து குடியேறியவர்கள் 1920களில் தொடங்கியது, ஸ்பகெட்டி மேல் ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். அது தனிக் குடும்பம்.

ரகசியப் பொருள் என்று கோக்கோ, காப்பி, பீர், வெல்லம் எல்லாவற்றையும் சொல்வார்கள். எது போட்டாலும் ஒன்றே ஒன்று போடுங்கள். கோக்கோ ஒரு டீஸ்பூன் போதும்; நாக்குக்குக் கோக்கோ என்று தெரிந்துவிட்டால் அது அதிகம்.

காரம், உப்பு, கசப்பு கூடிவிட்டால்?

காரம் நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். பரிமாறும்போது புளிக்காத கெட்டித் தயிர், துருவிய சீஸ், வெண்ணெய்ப்பழம் வையுங்கள். பானையில் இன்னும் ஒரு கப் ராஜ்மா சேர்க்கலாம். உப்புக்கு உருளைக்கிழங்கு போடுவது பெரிய பலன் தராது, அது உப்பை மட்டும் உறிஞ்சுவதில்லை. உப்பில்லாத ராஜ்மாவும் வெந்நீரும்தான் தீர்வு. லேசான கசப்புக்கு ஒரு டீஸ்பூன் வெல்லமும் சில துளி எலுமிச்சையும் உதவும். மிளகாய் தீய்ந்து வந்த கசப்பு என்றால் எதுவும் உதவாது.

மேலே மிதக்கும் சிவப்பு எண்ணெயை எடுத்துவிடலாமா?

முழுவதும் எடுக்காதீர்கள். மிளகாயின் நிறமும் காரமும் அதில்தான் கரைந்திருக்கிறது. இரண்டு டேபிள்ஸ்பூன் அளவு விட்டுவிட்டு மீதியை எடுங்கள். அதில் மறுநாள் முட்டை பொரித்துப் பாருங்கள்.

எதோடு சாப்பிடுவது?

அமெரிக்காவில் சோள ரொட்டி, உப்பு பிஸ்கட், சோளச் சிப்ஸ். ஹவாயில் சோற்றின் மேல் ஊற்றுகிறார்கள், ஆகவே சோறு வைத்தால் குற்றமில்லை. பொடியாக நறுக்கிய பச்சை வெங்காயம் மேலே கட்டாயம்.

எத்தனை நாள் வைக்கலாம்?

மறுநாள்தான் ருசி கூடும். ஆனால் பெரிய பானையை அப்படியே இரவு முழுக்க அடுப்பில் விடக்கூடாது. நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருந்து, கிருமி பெருக இடம் கொடுக்கும். ஆழமில்லாத டப்பாக்களில் பிரித்து, 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்தால் 3 முதல் 4 நாள், ஃப்ரீசரில் 3 மாதம். திரும்பச் சூடாக்கும்போது இறுகியிருக்கும். அரை டம்ளர் வெந்நீர் விட்டு, நடுவிலும் ஆவி பறக்கும்வரை கிளறுங்கள். எலுமிச்சையை அதன்பின் புதிதாகப் பிழிந்துகொள்ளலாம்.